ஒரே வீட்டில் மூன்று பூனைகள், தீராத துரத்தல்: பிரிப்பதும் திரும்பச் சேர்ப்பதும்

வாணி_ஜெலுத்தோங்

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மாடி வரிசை வீடு, மூன்று பூனைகள். கறுப்பன் (ஆண், 3 வயது, கருத்தடை ஆகிவிட்டது), சிட்டு (பெண், அவன் கூடப் பிறந்தவள், கருத்தடை ஆகிவிட்டது), குட்டியன் (ஆண், 9 மாதம், இன்னும் செய்யவில்லை). கறுப்பனும் சிட்டும் ஒரே கூடையில் உறங்குபவர்கள். வாசல் கிரிலுக்கு வெளியே வந்து நின்ற தெருக் கடுவனைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்த கறுப்பன், பக்கத்தில் வந்த சிட்டு மேல் பாய்ந்துவிட்டான். அதிலிருந்து அவளைக் கண்டாலே துரத்துகிறான். அவள் சமையலறை அலமாரி உச்சியை விட்டு இறங்குவதே இல்லை. மலஜலம் கழிக்கும் மண் பெட்டி ஒன்றுதான், பின்கட்டில் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு மூன்றும் ஒரே வரிசையில். எதில் தொடங்குவது?

தேவி_ஆயர்ஈத்தாம்

வாணி, இன்றைக்கே இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

கறுப்பனுக்குச் சிட்டு மேல் கோபம் இல்லை. வெளியே நின்ற கடுவனை எட்ட முடியவில்லை. ஏறிய வேகம் கைக்கெட்டியவள் மேல் இறங்கியது. இப்படித் திசைமாறிப் பாய்வது வீட்டுப் பூனைகளிடம் அடிக்கடி நடப்பது. அந்தப் பயங்கரமான நொடியில் கண்முன் இருந்தது சிட்டு என்பதை அவன் மனம் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. அவளோ பயந்து ஓடுகிறாள். ஓடுவதைக் கண்டால் துரத்துவது பூனைக்குப் பிறவிக் குணம். ஒரு துரத்தல் அடுத்த துரத்தலைப் பழக்கிவிடுகிறது. அதனால்தான் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாதபடி சில நாள் முழுமையாகப் பிரித்து வைப்பது அவசியம். வேகம் தணியச் சில பூனைகளுக்குச் சில மணி நேரம் போதும். சிலவற்றுக்கு நாள் கணக்கில் ஆகும்.

சிட்டுக்குத் தரும் அறையில் மண் பெட்டி, தண்ணீர், உணவு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று, எல்லாம் இருக்கட்டும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் வேண்டாம், நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது. விசிறி ஓடும் படுக்கையறை நல்லது. கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் துண்டைச் சுருட்டி அடையுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே காலை விட்டு அடித்துக்கொள்ளும்.

இன்னொன்று உடனே பார்க்க வேண்டும். சிட்டு இறங்கவே இல்லை என்றால் சிறுநீர் போகிறாளா, சாப்பிடுகிறாளா? 24 மணி நேரம் சிறுநீர் இல்லை என்றால் கிளினிக். ஆண் பூனை பெட்டியில் உட்கார்ந்து முக்கியும் சொட்டு வராவிட்டால் மணிக்கணக்குகூடக் காத்திருக்கக் கூடாது, அது உயிராபத்து. சாப்பாடு இரண்டு நாள் நின்றால் ஈரலில் கொழுப்பு படியும் நோய் வரலாம், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

முருகன்_பட்டர்வொர்த்

அக்கா, ரெண்டும் ஒரே ஈத்து. ஒரு தடவை நல்லா அடிச்சுக்க விட்டா யாரு பெரியவன்னு முடிவாயிடும், அப்புறம் அடங்கிடும்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்வாங்க. அப்படி விட்டா என்ன?

பிரேமா_கிளினிக்

முருகன் தம்பி, அது பூனைக்குப் பொருந்தாது. நாய்களிடம் தோற்றவன் பணிந்து காட்டுவான், வென்றவன் விட்டுவிடுவான். பூனைகளிடம் சண்டைக்குப் பின் சமாதானம் பேசும் சைகைகள் கிட்டத்தட்ட இல்லை. தனியே வேட்டையாடிப் பிழைத்த இனம் அது. பிடிக்காதவனிடமிருந்து விலகிப் போவதுதான் அதன் தீர்வு. 900 சதுர அடி வீட்டில் விலகிப் போக வழியில்லை, அதனால் ஒவ்வொரு சண்டையும் பகையைக் கூட்டும்.

கூடப் பிறந்தது என்ற உறவும் காப்பாற்றாது. 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் பூனை மனத்தளவில் முழுதாக வளர்கிறது. குட்டியாக இருந்தபோது ஒட்டி உறங்கியவை அந்த வயதில்தான் இடம் பிரிக்கத் தொடங்கும்.

காயத்துக்கு வருகிறேன். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், தோல் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே பாஸ்டுரெல்லா போன்ற கிருமி அடைபட்டுக் கிடக்கும். 2 முதல் 5 நாளில் சீழ்க்கட்டி கிளம்பும். ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளி முகம், முன்னங்கால், வாலின் அடி, பின்தொடை எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஓடியவளுக்குக் கடி பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். சூடான வீக்கம், நொண்டல், சாப்பாட்டை ஒதுக்குவது, காய்ச்சல் தெரிந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் செய்யக்கூடியது, அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கழுவுவது மட்டும்.

டெட்டால் தொடாதீர்கள், அதன் மருந்து பூனைக்கு நஞ்சு. பனடோல் (பாராசிட்டமால்) ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். வாசனையை மறைக்கிறேன் என்று கோடாலித் தைலம் தடவுகிறவர்கள் உண்டு. கற்பூரமும் சாலிசிலேட்டும் இருக்கிற தைலம், நக்கினால் உள்ளே போய்விடும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண், மேலே கறுத்த பொருக்கு என்றால் கையுறை போட்டே தொடுங்கள். ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் மலேசியப் பூனைகளில் இருக்கிறது, கீறலில் மனிதருக்கும் தொற்றும். தெருக் கடுவன்களோடு சண்டை போட்ட பூனைக்கு அந்த வாய்ப்பு கூடுதல். இட்ராகோனசோல் மாதக்கணக்கில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய நோய். கடியால் பூனைக்குப் பூனை பரவும் பூனை எய்ட்ஸ் (எஃப்ஐவி) இன்னொன்று. இரண்டுக்கும் இரத்தம், புண் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அமைதியாக இருந்த 3 வயதுப் பூனை திடீரென்று சிடுசிடுத்தால் பல் வலியோ காது வலியோ இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். 10 வயதுக்கு மேல் என்றால் தைராய்டும் மூட்டு வாதமும் பார்க்கணும்.

செல்வா_செந்தூல்

பிரேமா அக்கா மனிதருக்கு ஒன்று சொல்லவில்லை: உங்களைக் கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 10–15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குப் போங்க. விரல் மூட்டில் ஆழமாக இறங்கிய கடி மறுநாளே வீங்கும். தெரியாத தெருப்பூனை கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி பற்றியும் கேளுங்க.

சண்டையின் நடுவே கை நீட்டுவதுதான் கடிபடப் பெரிய காரணம். பெரிய அட்டைத் தகடு ஒன்றை எடுத்து வைங்க, 60 சென்டிமீட்டருக்கு 80 இருந்தால் போதும், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் வெட்டிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால் பார்வை அறும், பார்வை அறுந்தால் பாதி முடிஞ்சது. தலையணையோ தடித்த துவாலையோகூட உதவும். தண்ணீர் பீச்சுவது, கத்துவது, அடிப்பது வேண்டாம். அந்த அதிர்ச்சியையும் எதிரில் இருக்கும் பூனையோட கணக்கில்தான் சேர்த்துக்கும். பிரிஞ்ச பிறகு தூக்காதீங்க. அட்டையாலேயே அறைக்குள் தள்ளி, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துங்க.

வாணி_ஜெலுத்தோங்

மிக்க நன்றி அக்கா, செல்வா. சிட்டு முன் அறையில் தனியே இருக்கிறாள், சிறுநீர் போகிறாள், சாப்பிடுகிறாள். பின்தொடையில் இரண்டு புள்ளிக் காயம் இருந்தது. கிளினிக்கில் மருந்து தந்திருக்கிறார்கள். ஓர் ஐயம். சிட்டைக் கூண்டில் வைத்து ஹாலில் நடுவே வைத்தால் கறுப்பனுக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணே சொல்கிறார். செய்யலாமா?

தேவி_ஆயர்ஈத்தாம்

வேண்டவே வேண்டாம். அடிபட்டவளைக் கூண்டில் அடைத்தால் அவளுக்கு ஓட வழியில்லை, அவனோ மணிக்கணக்கில் முன்னால் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பான். அந்த முறைப்பே தாக்குதல்தான். பூனைச் சண்டையில் சத்தம் வருவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் ஓசையில்லாமல் நடப்பதைத்தான் நாம் தவறவிடுகிறோம்: இமைக்காத பார்வை, வாசலில் குறுக்கே படுப்பது, மண் பெட்டிக்குப் போகும் வழியில் உட்கார்ந்துகொள்வது, வால் நுனி மட்டும் துடிப்பது. அதைக் கண்டு நிறுத்தத் தெரிந்தவர் வீட்டில் கடி வரை போகாது.

எனவே சேர்க்கும் வேலை மணத்திலிருந்து தொடங்கட்டும். சுத்தமான பருத்தித் துணியால் கறுப்பனின் கன்னத்தையும் மோவாயையும் தடவுங்கள், அங்கேதான் மணச் சுரப்பிகள். அந்தத் துணியைச் சிட்டின் தட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். சிட்டின் துணி அவனுக்கு. மோப்பம் பிடித்துவிட்டுச் சும்மா போனால் நல்லது. சீறினால் இன்னும் தள்ளிப் போடுங்கள், முகத்தருகே நீட்டாதீர்கள். அடுத்து அறை மாற்று: அவனைச் சிட்டின் அறையிலும் அவளை ஹாலிலும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம். அவளும் வீட்டைத் திரும்பச் சொந்தம் கொண்டாட வேண்டும், அறைக் கைதியாக இருக்கக் கூடாது.

பிறகு சாத்திய கதவின் இரு பக்கமும் உணவு. கதவை விட்டுத் தள்ளிய தூரத்திலிருந்து தொடங்குங்கள், கதவடியிலிருந்து அல்ல.

வாணி_ஜெலுத்தோங்

அக்கா, கதவருகே வைத்தால் கறுப்பன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கதவிடுக்கில் மூக்கை வைத்து உறுமுகிறான். சிட்டு தட்டை விட்டு ஓடுகிறாள்.

தேவி_ஆயர்ஈத்தாம்

தூரம் போதவில்லை. இரண்டு தட்டையும் கதவிலிருந்து 2 மீட்டர் பின்னால் இழுங்கள். இரண்டு பேரும் தலை நிமிராமல் தட்டைக் காலி செய்தால் அதுவே உங்கள் தொடக்கக் கோடு. தொடர்ந்து மூன்று நான்கு வேளை அப்படி நடந்தால் 20–30 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்துங்கள். உறுமல் வந்தால் பழைய தூரத்துக்கே திரும்பிப் போங்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்தக் கட்டத்தில் வாரக்கணக்கு ஆவது இயல்பு, மாதங்கூட ஆகலாம். பெரும்பாலோர் வீட்டில் திரும்பச் சண்டை வருவது இங்கேதான், ஒரு நல்ல நாளைப் பார்த்துவிட்டு இரண்டு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கதவடியில் இரு பக்கமும் அமைதியாகச் சாப்பிடுமளவு வந்ததும் கதவை 2–3 சென்டிமீட்டர் திறந்து கட்டை வைத்துத் தடுங்கள். அல்லது வலைத் தடுப்பு போடுங்கள். வெறும் கொசுவலை கிழிந்துவிடும், கம்பி வலையாகப் பாருங்கள். குழந்தைத் தடுப்பு வேலி ஒன்று வாங்கினால் 75 சென்டிமீட்டர்தான் உயரம், பூனை சுலபமாகத் தாண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கி மேல்பகுதியில் வலை கட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒரு துணியால் மூடி, கீழே மட்டும் சற்று மடித்து வையுங்கள். பார்க்கும் நேரம் முதலில் இரண்டு மூன்று நிமிடம். நல்லபடி இருக்கும்போதே முடியுங்கள், கெட்டபின் முடித்தால் கடைசியாக நினைவில் நிற்பது கெட்டதுதான்.

யாராவது உற்றுப் பார்க்கத் தொடங்கினால், பெயரைக் கூப்பிட்டு உணவுத் துண்டை எதிர்ப்பக்கம் வீசித் தலையைத் திருப்ப வையுங்கள். தலை திரும்பினால் பரவாயில்லை. திரும்பாவிட்டால் தடுப்பைத் துணியால் மூடிவிடுங்கள். காது பக்கவாட்டில் படுத்தாலும், முதுகு ரோமம் எழும்பினாலும் அன்றைய வேலை முடிந்தது.

முருகன்_பட்டர்வொர்த்

விளக்கத்துக்கு நன்றிக்கா. விளையாட்டையும் சண்டையையும் எப்படிப் பிரிச்சு அறியறது? குட்டியனும் கறுப்பனும் புரண்டு பிடிப்பாங்களே, அதையும் தடுக்கணுமா?

செல்வா_செந்தூல்

விளையாட்டில் சத்தம் குறைவு, நகம் உள்ளே இருக்கும், காது முன்னோக்கி, மேலே இருந்தவன் கீழே வருவான், நடுநடுவே நின்று ஓய்வெடுப்பாங்க. முடிந்ததும் அதே இடத்தில் படுத்து நக்கிக்கொள்வாங்க. சண்டை என்றால் நீண்ட ஓலம், சீறல், ரோமக் கொத்து தரையில் கிடக்கும், ஒருத்தன் எப்பவுமே துரத்துபவன், ஒருத்தி எப்பவுமே ஒளிபவள். ஒருதலையாக இருந்தால் சத்தமே இல்லாவிட்டாலும் அது விளையாட்டு இல்லை.

குட்டியனைப் பற்றி இன்னும் யாரும் கவலைப்படலை. 9 மாதக் கருத்தடை ஆகாத ஆண், சீக்கிரமே சிறுநீர் பீச்சி, சிட்டு கழுத்தைப் பிடிக்கத் தொடங்குவான். அறுவை செய்த அன்றே ஹார்மோன் போய்விடாது, இறங்க ஆறு வாரம் வரை ஆகலாம். ஜெலுத்தோங்கிலேயே எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) இருக்கு, வாணி, கருத்தடைக்கு அங்கே கேட்டுப் பாருங்க. அதுவரை குட்டியனைச் சிட்டின் அறைப் பக்கம் தனியே விட வேண்டாம்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவனைத் தனியே வைக்கணும். கிளினிக் வாசனை ஏறிய பூனையை வீட்டிலிருப்பவங்க அந்நியனாகத்தான் பார்ப்பாங்க. ஓர் இரவு தனி அறை, மற்றவங்க படுக்கைத் துணியால் அவனைத் துடைத்து, மயக்கம் முழுதாகத் தெளிந்தபிறகே வெளியே விடுங்க.

குமார்_செத்தாப்பாக்

வாசல் பக்கமும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருக் கடுவன் தினமும் வந்து நின்றால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. பூனையின் கண் உயரத்தில் பார்வையை மறைத்தாலே பெரும்பாதி சரியாகும். கண்ணாடிக் கதவு என்றால் பால் நிறப் பிளாஸ்டிக் தாளைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒட்டுங்கள். கிரில் என்றால் கேபிள் டை போட்டு அடிப்பகுதியில் வெள்ளைப் பாலிகார்பனேட் தகடு கட்டலாம். மிஸ்டர் டிஐஒய் மாதிரிக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சோபாவின் முதுகுப்புறம், ஜன்னல் விளிம்பு என்று வெளியே பார்க்கும் மேடைகளையும் சில வாரம் எடுத்துவிடுங்கள்.

வெளியே வாசலில் மீந்த சோறு, மீன் முள் வைக்காதீர்கள். தெருப்பூனைக்குக் கொடுக்க விரும்பினால் வீட்டைவிட்டுத் தள்ளி, கடுவனுக்குக் கருத்தடை ஏற்பாட்டோடு சேர்த்துச் செய்யுங்கள். கிரிலில் அவன் பீச்சிய இடத்தை என்சைம் கிளீனரால் கழுவுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அதன் நெடி சிறுநீர் நெடியைப் போலவே இருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும். ஃபீனால் கலந்த பைன் வகைக் கிருமிநாசினி பூனைக்கு ஆபத்து.

பிரேமா_கிளினிக்

வீட்டுக்குள் ஏற்பாடு, வாணி. மூன்று பூனைக்கு நான்கு மண் பெட்டி. நான்கையும் பின்கட்டில் அடுக்கினால் பூனைக் கணக்குப்படி அது ஒன்றுதான், ஏனென்றால் ஒரே காவல்காரன் நின்றாலே அத்தனையும் அடைபடும். தனித்தனி இடத்தில் வையுங்கள், பெட்டிக்குள்ளிருந்து வெளியேற இரண்டு வழி தெரிய வேண்டும், மூடி இல்லாதது. கடையில் விற்கும் பெட்டி பல பூனைகளுக்குச் சிறியது. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். பொருள் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை 15 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் விலையும் குறைவு, சுவரும் உயரம். விளிம்பை மணல்காகிதத்தால் தேயுங்கள். கட்டியாகும் மண் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம், தினமும் இருமுறை அள்ளுங்கள்.

தட்டுகளை ஒருவர் மற்றவரைப் பார்க்காத மூன்று இடத்தில் வையுங்கள். தண்ணீரைத் தட்டிலிருந்து தள்ளி. சுவரில் பலகை அடித்தால் ஒரு படியில் ஏறி மறு பக்கத்தில் இறங்குமாறு வழி விடுங்கள். முட்டுச்சந்தாக முடியும் பலகை சிட்டுக்குப் பொறியாகிவிடும்.

கறுப்பனுக்குத் தினமும் இரண்டு மூன்று முறை 10 நிமிடம் தூண்டில் பொம்மையோடு ஓடவிட்டு, முடிவில் பிடிக்கக் கொடுத்து, உடனே சாப்பாடு. வேட்டை, உணவு, உறக்கம் என்ற வரிசை முடிந்தால் துரத்தும் ஆசை குறையும். துரத்துபவன் கழுத்தில் இழுத்தால் கழன்றுவிடும் பட்டையும் சிறு மணியும் போடலாம், சிட்டுக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

குமார்_செத்தாப்பாக்

பூனையை அமைதிப்படுத்தும் மணத்தைக் காற்றில் விடும் ஃபெலிவே மின்செருகி பயன்படுமா? விலை கொஞ்சம் அதிகம்.

பிரேமா_கிளினிக்

உதவும், ஆனால் அதுவே மருந்து என்று நினைத்தால் ஏமாற்றந்தான். ஒரு செருகி 50–70 சதுர மீட்டருக்கு, குப்பி ஏறத்தாழ 30 நாள். இங்கே நாம் ஜன்னலைத் திறந்து விசிறியைச் சுழலவிடுவதால் காற்றில் தங்காது. கதவை மூடிக் குளிர்சாதனம் போடும் அறையில் வைத்தால் பலன் தெரியும். மேசைக்கு அடியிலும் திரைக்குப் பின்னாலும் செருகாதீர்கள். பல பூனை வீட்டுக்கென்று வேறு வகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரித்து, மெதுவாகச் சேர்த்தும் ஒரு பயனும் இல்லையென்றால் மருத்துவரிடம் மருந்து பேசலாம். ஃபுளூவாக்ஸெட்டின் போன்றவற்றுக்கு 4–6 வாரம் பொறுக்க வேண்டும், நிறுத்துவதும் படிப்படியாகத்தான். கபாபென்டின், பயமூட்டும் நிகழ்வுக்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் கொடுப்பது. மனிதருக்கான திரவத்தையோ மாத்திரையையோ பாதி பாதியாக நீங்களே அளந்து கொடுக்காதீர்கள். சில நேரம் அடிபட்டவளுக்கும் மருந்து தேவை, ஏனென்றால் அவள் பயந்து ஓடுவதை நிறுத்தினால்தான் துரத்தலும் நிற்கும்.

முருகன்_பட்டர்வொர்த்

எதுவுமே சரிப்படலேன்னா?

தேவி_ஆயர்ஈத்தாம்

நேரம் பிரித்து வாழ்வது. காலையில் அவன் ஹாலில், அவள் அறையில்; மாலையில் மாற்றம். சில வீடுகளில் இது ஆண்டுக்கணக்கில் நன்றாகவே ஓடுகிறது. அதுவும் முடியாமல் சிட்டு எந்நேரமும் பதுங்கியே இருந்தால், அமைதியான ஒற்றைப் பூனை வீடு தேடிக் கொடுப்பது அவளுக்குச் செய்யும் நல்ல காரியம். அலமாரி உச்சியில் வாழ்வதற்கா அவளை வளர்த்தோம்?

வாணி_ஜெலுத்தோங்

எல்லாருக்கும் நன்றி. தீபாவளி வருகிறதே, பட்டாசுச் சத்தத்தில் திரும்பவும் பாயாதா?

செல்வா_செந்தூல்

பாயும், அதனால் அன்றைக்குச் சேர்க்கும் வேலையே வேண்டாம், தடுப்பின் துணியைக்கூடத் திறக்காதீங்க. மாலை இருட்டுவதற்கு முன் மூன்று பேரையும் தனித்தனி அறையில் போட்டு ஜன்னலைச் சாத்துங்க, திரையை இழுங்க, தொலைக்காட்சியோ விசிறியோ ஓடட்டும். ஒளிய ஒரு பெட்டி, உள்ளே பழைய துணி. மறுநாள் காலை ஒவ்வொருத்தரையும் தனியாகப் பாருங்க: சாப்பிட்டாங்களா, காது நேராக இருக்கா, கூப்பிட்டா வர்றாங்களா. மூன்றும் சரியென்றால் முந்தின தூரத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து தட்டை வைத்துத் தொடருங்க. சீனப் புத்தாண்டுக்கும் இதேதான். ஆனால் அந்தச் சத்தம் ஓர் இரவோடு நிற்காது, பல நாளைக்கு ஒதுக்கி வைங்க.